மூன்றாவது வீட்டு ஷாம்பெய்ன்

சாவதற்குள் ஒரு தடவையாவது ஷாம்பெய்ன் குடித்துவிட வேண்டும் என்று மருதங்காவெளி தியாகராசப் பிள்ளை தீர்மானித்தது ஒரு வியாழக்கிழமை காலை, பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது. பெரிய தீர்மானமெல்லாம் அவருக்கு அந்த நேரத்தில்தான் வரும். வாய் நிறைய நுரை இருப்பதால் உடனே வெளியில் சொல்ல முடியாது. அதனாலேயே அவருடைய தீர்மானங்களில் பாதி அவர் மனைவி விஜயத்தின் காதுக்கு எட்டாமல் உயிர் பிழைத்துக் கிடந்தன.

முந்தின நாள் தபாலில் காரைக்காலிலிருந்து ஐயாவு கடிதம் எழுதியிருந்தார். நாகப்பட்டினத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. பெஞ்சை விட்டு எழுந்த பிறகு தியாகராசன் நேராக அப்பா நிலத்துக்கு வந்தார். ஐயாவு நேராக பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனார். சைகோனைப் பார்த்தார், பாரிஸைப் பார்த்தார், கடைசியில் பிரெஞ்சு சர்க்கார் பென்ஷனோடு காரைக்காலில் வந்து உட்கார்ந்துவிட்டார். நம் பக்கத்து ஜனங்களுக்குக் காரைக்கால் என்றால் பக்கத்தில் திருநள்ளாறு, சனீஸ்வரன். தியாகராசனுக்கு மட்டும் காரைக்கால் என்றால் பிரான்ஸ்.

கடிதம் இதுதான்: "பட்டாளத்தில் இருந்தபோது லீவு போட்டு, ஒரு சனி ஞாயிறு, ரேன்ஸ் பக்கத்தில் ஷாம்பெய்ன் கம்பெனி கம்பெனியாகச் சுற்றினேன் என்று உனக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். உன்னை அங்கே கூட்டிப்போக எனக்கு வக்கில்லை. ஆகவே அதை இங்கே ஏற்பாடு செய்திருக்கிறேன். ஜூலை பதினாலு பிரெஞ்சுக்காரர் திருநாள், இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை விழுகிறது. மூன்று பென்ஷன்காரர் வீடு. மூன்று ஊர் பாட்டில். சனிக்கிழமை வந்து சேர்."

படித்ததும் பிள்ளைக்கு நாக்கின் நுனி கூசியது. மூன்று வருஷமாகத் திறந்து கிடந்த சாராயக் கடைகளை மறுபடி மூடப்போகிறார்கள் என்று வேறு பேப்பரில் போட்டிருந்தான். அந்தக் கடைப் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் மூடப்போகிறான் என்றதும் என்னவோ தன்னைத்தான் பூட்டப்போகிறான் என்கிற மாதிரி ஒரு பதைப்பு.

இதில் இடைஞ்சல் ஒன்றே ஒன்று. இல்லை, ஒன்றரை. ஒன்று விஜயம். அரை, வாய்க்காலடி நிலம்.

அரையை முதலில் சொல்லிவிடுகிறேன். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, குடும்பத்துக்கு இத்தனை ஏக்கர்தான், மிச்சத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. மனைவியின் சீதனச் சொத்து என்றால் அது தனிக் கணக்கு என்று வக்கீல் ஒரு வழி சொன்னார். உடனே பிள்ளை வாய்க்காலடி பத்து மா நிலத்தையும் (மூன்று மா ஒரு ஏக்கர்), மேலக்காட்டு நாலு மாவையும் விஜயம் பேருக்கு மாற்றி எழுதினார். ரிஜிஸ்தர் ஆபீசிலிருந்து வரும் வழியெல்லாம் அவளுக்கு ஒரே உபதேசம்.

"இதெல்லாம் பேருக்குத்தான் விஜயம். நிலம் என்னுதுதான். புரியுதா?"

"புரியுதுங்க. பேரு மட்டும் என்னுது."

"அவ்வளவுதான்."

"சரிங்க."

வாய்க்காலடி நிலத்தை இருபத்திரண்டு வருஷமாகக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தவன் மருதையன். கூட நின்று பாடுபட்டவள் அவன் பெண்டாட்டி அம்சம். மருதையன் போன வருஷம் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்தான். சேர்ந்த கையோடு, "எங்க பேரைக் குத்தகைப் பதிவேட்டுல ஏத்திடுங்க" என்று வந்து நின்றான். பதிவாகிவிட்டால் லேசில் கிளப்ப முடியாது. பிள்ளைக்கு ரத்தம் கொதித்தது. இந்தக் குறுவை அறுப்போடு அவனை வெளியேற்றிவிடுவது என்று முடிவு கட்டினார். அதுவும் பல் விளக்கும்போதுதான். பதிவு அதிகாரி இரண்டு தடவை ஊருக்கு வந்து முகாம் போட்டார். இரண்டு தடவையும் பிள்ளை, "அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லை, கையெழுத்துப் போட வரமாட்டாங்க" என்று தாமே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அம்மா அந்த நேரத்தில் கொல்லையில் ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அம்சம் பேரைப் பதிஞ்சுதான் குடுத்துடுங்களேன்" என்று விஜயம் கேட்டாள். "இருபத்திரண்டு வருஷமா நம்ம வீட்டுக் குதிர்ல விழுற நெல்லு அவ நட்ட நெல்லு. அவளைப் போய் எழுந்து போன்னு சொன்னா எனக்குச் சோறு எறங்காது."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. நீ அடுப்பைப் பாரு."

விஜயம் அடுப்பைப் பார்க்கப் போனாள். அதோடு அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். பிள்ளை அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார். அடுத்த முகாம் பதினெட்டாம் தேதி என்று கர்ணம் கண்ணுசாமி சொல்லியிருந்தார். அதற்குள் காரைக்கால் போய் வந்துவிடலாம்.

இப்போது முழு இடைஞ்சலுக்கு வருவோம்.

"விஜயம், எனக்கு ஏழரைச் சனி நடக்குது."

"உங்களுக்கா? உங்களைக் கட்டின நாள்லேருந்து எனக்குத்தான் நடக்குதுன்னு இல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்?"

"விளையாடாதே. திருநள்ளாறு போயி நளதீர்த்தத்துல முழுகி, எள்ளு விளக்குப் போடணும். சனிக்கிழமை போனா ஞாயித்துக்கிழமை வந்துடுவேன்."

"சனிக்கிழமை பார்த்துட்டா போதாதா? ஞாயித்துக்கிழமை சனீஸ்வரனுக்கே லீவு ஆச்சே."

"ராத்திரி தங்கணும். அது ஐதீகம்."

"எந்த ஐதீகம்?"

"பழைய ஐதீகம்."

"அப்ப நானும் வர்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து முழுகுவோம்."

பிள்ளை அவசரமாகக் குறுக்கிட்டார். "நடவு நடக்குதே! நீயும் வந்துட்டா ஆளுங்களை யாரு பார்க்கிறது?"

"அட ஆமாங்க." விஜயம் யோசிக்கிற மாதிரி ஒரு நிமிஷம் நின்றாள். "அப்ப நீங்களே போயிட்டு வாங்க. எனக்கும் சேர்த்து ரெண்டு முழுக்குப் போடுங்க."

இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் ஒரு வாக்குவாதத்தை அவர் இத்தனை சுருக்காக ஜெயித்ததே கிடையாது. வேறு யாராவது இருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். பிள்ளை யோசிக்கவில்லை. சில்க் ஜிப்பாவை எடுத்துப் பையில் வைத்தார்.

விஜயம் அதை எடுத்துப் பீரோவில் வைத்தாள். "நளதீர்த்தத்துல குளிச்சா உடுத்தியிருக்கிற துணியைக் குளத்தோட விட்டுட்டு வரணும். சில்க்கையா விடுவீங்க?" என்று, காலர் நைந்த சட்டையும் கொல்லை வேலைக்குக் கட்டுகிற வேட்டியும் எடுத்துக் கொடுத்தாள். மாற்றுக்கு அதைவிட நைந்த ஒரு ஜதை. கூடவே ஒரு பாட்டில் நல்லெண்ணெய், எள் மூட்டை, வழிக்குப் புளிச்சோறு. பொய்யைச் சொல்லியாகிவிட்டது, அதற்கேற்ற துணியைக் கட்டித்தானே ஆகவேண்டும்? பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் அவரைப் பார்த்துவிட்டுத் தம் முறுக்கில் பாதியை ஒடித்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் முதல் வீடு. பட்டாளத்து மாஜி சேர்ஜான், அதாவது சார்ஜெண்ட், அரசப்பன் வீடு. சுவர் நிறைய மெடல், மேஜை மேல் வெள்ளைத் துணி, உயரமான ஒல்லிக் கிளாஸ்கள். அரசப்பன் பாட்டிலின் கம்பியை முறுக்கி எடுத்தார். தக்கை 'டொப்' என்று வெடித்துச் சீறிப் போய் உத்தரத்தில் அடித்தது. அறுப்புக் கூலித் தகராறில் நாட்டு வெடிச் சத்தம் கேட்டுப் பழகின பிள்ளை, அடுத்த கணம் மேஜைக்கு அடியில் இருந்தார்.

"எழுந்திரு தியாகு. அது தக்கை" என்றார் ஐயாவு.

"தெரியும். எள்ளு கீழே கொட்டிடுச்சு, அதைப் பார்த்தேன்."

"சாந்தே!" என்று பிரெஞ்சில் வாழ்த்தி மூன்று பேரும் கிளாஸைத் தூக்கினார்கள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். முப்பது வருஷக் கனவு. மூக்கில் ஏறியது, நாக்கில் குத்தியது, தொண்டையில் புளித்தது.

"எப்படி இருக்கு?"

"நேத்து வடிச்ச கஞ்சித் தண்ணியில கோலி சோடாவை ஊத்தின மாதிரி இருக்கு."

"அடப் பாவி! இன்னொரு வாய் குடி."

இன்னொரு வாய் குடித்தார். புளிப்பு கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது. மூன்றாவது வாயில் ஏதோ ஒரு பழ வாசனை தலையைக் காட்டிவிட்டு ஓடியது. அதைப் பிடிக்க நாலாவது வாய். அந்த வாசனையைத் துரத்திக்கொண்டே அவர் இரண்டு கிளாஸ் போய்விட்டார்.

ஐயாவு ரேன்ஸ் நகரத்து நிலவறைகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து மைல் கணக்கில் சுரங்கம். அதில் பாட்டில்களைத் தலைகீழாகச் செருகி வைத்து, ஒருத்தன் தினம் வந்து ஒவ்வொரு பாட்டிலையும் கொஞ்சம் கொஞ்சம் திருப்பிவிட்டுப் போவான்.

"எதுக்கு?"

"கசடெல்லாம் மெல்லக் கழுத்துக்கு வந்து சேரும். அப்புறம் அதை எடுத்துடுவான்."

"நம்ம தாலுகா ஆபீசுலயும் ஃபைலை தினம் இப்படித்தான் திருப்புறான். அங்க ஒண்ணும் கழுத்துக்கு வரக் காணோம்."

அரசப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் அவர் சொல்கிற எதற்கும் இப்படி யாரும் சிரித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, பென்ஷன்காரர்கள் மெடல் குத்திக்கொண்டு கொடியேற்றிவிட்டு வந்த பிறகு, இரண்டாவது வீடு. நைந்த சட்டையை மறைக்க ஐயாவு தம் கறுப்புக் கோட்டை மாட்டிவிட்டிருந்தார். ஜூலை வெயிலில் பிள்ளை வெந்துகொண்டிருந்தாலும் உள்ளே போன பாட்டில் குளிர்ச்சியாக இருந்தது. எப்பர்னே என்ற ஊர்ச் சரக்கு. இது முதல் வாயிலேயே பிடித்துவிட்டது. பிடித்ததும் பிள்ளைக்கு மிராசுதார் புத்தி விழித்துக்கொண்டது.

"ஏன்யா, அந்தத் திராட்சைத் தோட்டமெல்லாம் கம்பெனிக்காரன் சொந்தமா?"

"கொஞ்சம்தான் சொந்தம். மிச்சத்தை ஊர்க் குடியானவன்கிட்ட வாங்குவான். அதுல குத்தகைக்காரனும் உண்டு" என்றார் ஐயாவு.

"குத்தகை பணமாவா, வெளைச்சலாவா?"

"சில பேரு திராட்சையாவே அளப்பான்."

"நம்ம மாதிரிதான்!" பிள்ளைக்கு உற்சாகம் பிறந்தது. "பிடிக்கலைன்னா கெளப்பிவிட்டுடலாம், இல்லையா?"

"அதெப்படி? சட்டம் இருக்கு. லேசுல கெளப்ப முடியாது."

பிள்ளை கிளாஸைக் கீழே வைத்தார். "அங்கயும் சங்கமா?"

"சங்கமோ என்னவோ. கெளப்ப மாட்டாங்கன்னு தெரிஞ்சாத்தானே அவன் கொடியைப் பிள்ளை மாதிரி வளர்ப்பான்? நீ இப்ப குடிக்கிறதுகூட எவனோ ஒரு மருதையன் கைப்பாடுதான்."

மருதையன் பேரை இவரிடம் எப்போது சொன்னோம் என்று பிள்ளைக்கு லேசாக ஒரு சந்தேகம் தட்டியது. அதற்குள் கிளாஸ் மறுபடி நிறைந்துவிட்டது. அதில் கீழேயிருந்து மணி மணியாகக் குமிழ் ஏறிவருகிற அழகைப் பார்த்ததில் சந்தேகம் கரைந்துவிட்டது.

மூன்றாவது வீடு ஐயாவு வீடேதான். கூடத்து நடுவில் ஒரு வாளி. அதில் மீன் துறையிலிருந்து வாங்கிவந்த ஐஸ். ஐஸுக்குள் கழுத்து வரை புதைந்து ஒரு பாட்டில். "ஆயின்னு ஒரு ஊரு, அந்த ஊர்ச் சரக்கு. என் கர்னல் குடுத்தது. பதினாலு வருஷமா வச்சிருக்கேன். இன்னிக்கி ஒனக்காகத் தெறக்கப்போறேன்" என்று ஐயாவு பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார். "இன்னும் அரை மணி ஊறணும்."

கூடத்துக் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. அடித்து முடித்ததும் ஐயாவுவின் மனைவி பர்வதம் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அண்ணே, பன்னண்டு அடிச்சதும் ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லி விஜயம் எழுதியிருந்தா."

"விஜயமா? எந்த விஜயம்?"

"ஒங்க விஜயந்தான்."

பிள்ளைக்குக் கோட்டுக்குள் வேர்வை ஆறாக ஓடியது. "நான் இங்க இருக்கிறது அவளுக்கு எப்படித் தெரியும்?"

"நல்லா கேட்டீங்க போங்க! ஒங்களுக்குக் கடுதாசி போட்டுக் கூப்பிடச் சொல்லி எனக்கு எழுதினதே அவதானே. போன வருஷம் எங்க பொண்ணு கல்யாணத்துல பழகினோம், அதுலேருந்து மாசம் ரெண்டு கடுதாசி. எங்க வீட்டுக்காரரு ஷாம்பெய்ன் கதையைச் சொன்னா அண்ணன் வாயைப் பொளந்துக்கிட்டுக் கேப்பாருன்னு எழுதுவா."

பிள்ளை ஐயாவுவைப் பார்த்தார். ஐயாவு ஐஸ் வாளியைப் பார்த்தார்.

"இன்னிக்கி ஒங்க ஊர்ல குத்தகைப் பதிவு முகாமாம்" என்று பர்வதம், மனப்பாடச் செய்யுளை ஒப்பிக்கிறவள் மாதிரி நிதானமாகச் சொன்னாள். "பதினெட்டாந்தேதிய மாத்தி, நடவு ஆளுங்களும் வர்றதுக்குத் தோதா லீவு நாள்ல வச்சுட்டாங்களாம். ஆபீசர் நாலு மணி வரைக்கும் இருப்பாராம். விஜயம் கையெழுத்துப் போடப்போறாளாம். அது ஒங்களுக்குப் பிடிக்கலேன்னா பன்னண்டரை பஸ்ஸைப் பிடிச்சு மூணு மணிக்குள்ள வந்து வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம். போட மாட்டாளாம். இதை வரி விடாம சொல்லணும்னு எழுதியிருந்தா. சொல்லிட்டேன். சாப்பிட இலை போடட்டுமா?"

பிள்ளை துள்ளி எழுந்தார். பத்து மா! வாய்க்கால் மடைக்கு நேர் கீழே, நினைத்த நேரம் தண்ணீர் பாய்கிற பத்து மா! பையை எடுத்தார். செருப்பில் காலை நுழைத்தார்.

"போறியா தியாகு?" என்றார் ஐயாவு. "போக வேண்டியதுதான். நிலமாச்சே. இந்தப் பாட்டிலை ஐஸ்ல வச்சாச்சு, இன்னொரு நாளைக்கு வைக்க முடியாது. நாங்க குடிச்சுக்கிறோம்."

பிள்ளை வாசற்படியில் நின்றார். நின்றவர் வாளியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைதான் தப்பு. பாட்டிலின் கழுத்தில் முத்து முத்தாகக் கோத்து நின்ற தண்ணீரில் ஒரு துளி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வழிந்து இறங்கியது.

"அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?"

"ஒண்ணரைக்கு."

பிள்ளை கணக்குப் போட்டார். ஒன்றரை பஸ் என்றால் நாகப்பட்டினத்தில் மாறி, கீழ்வேளூரில் இறங்கி, வேகமாக நடந்தால் நாலுக்குள் ஊர். மூணு மணி என்றா சொன்னாள்? அவள் அப்படித்தான் சொல்லுவாள். ஆபீசர் நாலு மணி வரைக்கும் இருப்பார். விஜயமாவது, ஆபீசர் முன்னால் போய் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதாவது! பேனாவைத் திறக்கவே ஒரு மணி நேரம் ஆகும் அவளுக்கு.

"ஒரே ஒரு கிளாஸ்" என்று செருப்பைக் கழற்றினார்.

அந்த ஒரு கிளாஸைப் பற்றி என்ன சொல்ல? முதல் வீட்டில் தலையைக் காட்டிவிட்டு ஓடிய அந்தப் பழ வாசனை, இங்கே ஓடவே இல்லை. வந்து நாக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. பிள்ளைக்குக் கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது. இப்படி ஒன்றை நாமும் குடித்தோமே என்று அப்பாவை நினைத்தார், தாத்தாவை நினைத்தார், விஜயத்தைக்கூட நினைத்தார். அப்புறம் இரண்டாவது கிளாஸ். அப்புறம் பர்வதம் போட்ட இறால் குழம்புச் சாப்பாடு. ஒன்றரை பஸ் போகிற சத்தம் தெருமுனையில் கேட்டது. எல்லோரும் கேட்டார்கள். பிள்ளை சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்தார்.

இரண்டு மணி பஸ்ஸில் ஏறி அவர் மருதங்காவெளி பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்து சேர்ந்தபோது நாலே கால். ஆபீசரின் ஜீப் கிளம்பிப் போன புழுதி இன்னும் அடங்கவில்லை. மருதையனும் அம்சமும் ஒரு காகிதத்தை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எழுத்துப் படிக்கத் தெரியாவிட்டாலும் அம்சம் அதை மேலிருந்து கீழ் வரை பார்த்துப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். பிள்ளையைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயா மகராசனா இருக்கணும். நீங்க சம்மதிச்சதாலதான் போடறேன்னு அம்மா ஆபீசர்கிட்டயே சொன்னாங்க" என்று கும்பிட்டாள். பிள்ளையால் பதிலுக்குக் கும்பிடத்தான் முடிந்தது.

விஜயம் குடையை விரித்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் வீட்டைப் பார்க்க நடந்தார்கள். அம்சத்தின் காதுக்கு எட்டாத தூரம் வந்ததும் பிள்ளை வெடித்தார்.

"புருஷனை ஏமாத்தி ஒரு காரியமா?"

"என்னங்க ஏமாத்தினேன்? பர்வதம் பன்னண்டு மணிக்குச் சொல்லலையா?"

"சொன்னா."

"மூணு மணிக்குள்ள வந்து வேணாம்னு சொன்னா போட மாட்டேன்னு சொன்னாளா?"

"சொன்னா."

"மூணு அடிக்கிற வரைக்கும் நான் பேனாவைத் தொடலைங்க. ஆபீசர்கூடக் கேட்டாரு, ஏம்மா காத்திருக்கீங்கன்னு. எங்க வீட்டுக்காரர் வேணாம்னா ஓடி வந்துடுவாரு, வரலேன்னா அவருக்குச் சம்மதம்னு அர்த்தம், அப்படின்னேன்."

பிள்ளை பேச்சை மாற்றினார். "இந்த முகாம் மாறின சமாசாரம் எனக்கு ஏன் வரல? நோட்டீஸ் எங்கே?"

"நிலம் யாரு பேர்ல இருக்கோ அவங்க பேருக்குத்தானே நோட்டீஸ் வரும்? வந்துச்சு. படிச்சேன்."

பத்தடியில் வாய்க்கால் கரை வந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. புதுசாக நட்ட நாற்று காற்றில் ஆடியது. அம்சம் நன்றாகத்தான் நட்டிருக்கிறாள் என்று பிள்ளைக்குத் தோன்றியது.

"கோவமா?" என்று விஜயம் குடையை அவர் பக்கமாகச் சாய்த்தாள்.

"பின்னே இல்லாம?"

"அடுத்த வருஷம் மேலக்காட்டு நாலு மாவுக்குப் பதிவு வைக்கிறாங்களாம். அதுவும் என் பேர்லதான் இருக்கு. பர்வதத்துக்கு இன்னிக்கே எழுதிடலாம்னு பார்க்கிறேன்."

தியாகராசப் பிள்ளை நடையை நிறுத்தினார். முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எத்தனை வீடு?" என்றார்.